ஆவுளியாவுக்காக வேலை: ஊருக்குள்ளா, கடலுக்குள்ளா?

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடல் 2022-ல் ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கான பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வேலை செய்ய விரும்புபவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

ஆய்வுப் பக்கம் போனால், சதுரச் சட்டத்தைக் கடலடியில் வைத்து, அதற்குள் எந்தெந்தக் கடற்புல் எவ்வளவு அடர்த்தி என்று குறிப்பீர்கள். கலங்கிய தண்ணீரில் பொறுமை வேண்டும். கடற்பசுவை நேரில் காண்பது அரிது. பெரும்பாலும் அது மேய்ந்துபோன தடம்தான் கண்ணில் படும். அறிவியல் பட்டம் தேவை, நீச்சலும் தெரிந்திருக்க வேண்டும்.

மக்கள் பணி வேறு மாதிரி. படகு திரும்பும் நேரம்தான் உங்கள் அலுவலக நேரம். ஆவுளியா மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் சில நிமிடங்களில் மூழ்கிச் செத்துவிடும். அதைக் காப்பாற்ற மீனவர் தன் வலையையே அறுக்க வேண்டும். அறுத்த வலைக்கு யார் பணம் தருவார் என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். வனத்துறையின் ஊக்கத்தொகை பற்றிச் சொல்வது, விண்ணப்பம் எழுதித் தருவது, அப்புறம் அது கைக்கு வரும்வரை பின்தொடர்வது எல்லாம் உங்கள் பொறுப்பு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்களோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும்.

சம்பளமும் ஒப்பந்தக் காலமும் இரண்டு வழியிலும் பெரும்பாலும் திட்ட நிதியைப் பொறுத்தவைதான்.

என்னைக் கேட்டால், முதல் ஒரு வருடம் ஊருக்குள் இருங்கள். புல்வெளி எங்கே இருக்கிறது என்பதை அந்த மீனவர்தான் முதலில் காட்டுவார்.