விக்கிப்பீடியா: கட்டுரையைவிட எனக்குப் பிடித்த இரண்டு பொத்தான்கள்

பதினைந்து வருடமாக மெய்ப்புத் திருத்துகிறேன். தகவல் சரிபார்க்க விக்கிப்பீடியாவைத் திறந்தால், கட்டுரையைப் படிப்பதற்கு முன்பே மேலே உள்ள ‘உரையாடல்’, ‘வரலாறு’ இரண்டையும் அழுத்திவிடுவேன்.

2006 ஆகஸ்டில் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று வகைப்படுத்தியது. ஒரு சிறுவர் நூலைத் திருத்தும்போது, ஆங்கிலப் பதிப்பின் புளூட்டோ கட்டுரையில் ‘வரலாறு’ பொத்தானை அழுத்தி, அந்த நாட்களின் திருத்தங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனேன். எந்த வரி போனது, எந்த வரி வந்தது, எந்த நிமிடத்தில் என்று எல்லாம் அப்படியே கிடக்கிறது. அச்சுக் கலைக்களஞ்சியம் தீர்ப்பை மட்டும்தான் தரும். இங்கே வழக்கு நடந்த விதத்தையே பார்க்கலாம். இதற்காகவே இந்தச் சேவைக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கட்டுரையைத் திருத்துபவர்களுக்குள் நடக்கும் சண்டைக்கும் வரம்பு உண்டு. ஆங்கிலப் பதிப்பில் ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் பிறர் திருத்தத்தை நீக்கினால் தடை விழலாம். பேசித் தீர்க்கத்தான் உரையாடல் பக்கம்.

குறை என்றால் ஒன்று மனதை உறுத்துகிறது. வெளியான சான்று இல்லாத எதற்கும் இங்கே இடமில்லை. அந்த விதி இல்லாவிட்டால் புரளி புகுந்துவிடும், புரிகிறது. ஆனால் காற்றின் போக்கை வைத்தே கடலைக் கணிக்கும் மீனவரின் அறிவை யாராவது எழுதி வெளியிடும்வரை அது வாசலிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. வாய்மொழிப் பதிவுகளையும் சான்றாக ஏற்க ஒரு வழி வேண்டும்.

சான்று இல்லாத வரியின் பக்கத்தில் ‘மேற்கோள் தேவை’ என்ற குறிப்பைப் பார்த்தால் தாண்டிப் போகாதீர்கள். உங்களிடம் நூல் இருந்தால் பக்க எண்ணோடு சேர்த்துவிடுங்கள்.