பனியில் புதைந்த பிக்கப்பும் உறைந்துபோன கயிறும்

ரொறன்ரோவில் இருக்கும் நண்பர் ஒருவர், பனியில் புதைந்த வண்டியை இழுத்தெடுக்க நான் வைத்திருக்கும் அதே நைலோன் இழுவைக் கயிற்றின் படத்தை அனுப்பி, குளிர்காலம் முடிந்து விலையைக் குறைத்திருக்கிறார்கள், "அண்ணை, வாங்கலாமோ?" என்று கேட்டிருந்தார். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். நான்கு குளிர்காலம் அதனோடு மல்லுக்கட்டியவனுக்கு அது முடியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஹியூரன் ஏரியின் ஈரக் காற்று கரையேறிப் பனியாகக் கொட்டும் ஒன்ராறியோவின் ஓவன் சவுண்ட் நகரின் பக்கத்தில் வசிக்கும் எனக்கு, இந்தக் கயிற்றுக்கு முன்பு துணை ஓர் இரும்புச் சங்கிலிதான். சங்கிலிக்கு நீட்சி இல்லாததால், இழுக்கும் வண்டியின் வேகம் முழுவதும் ஒரே நொடியில் இரண்டு வண்டிகளின் அடிச்சட்டங்களிலும் இடியாக இறங்கும். நைலோன் கயிறு தன் நீளத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீண்டு, அந்த விசையை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெல்லச் சுருங்கும்போது புதைந்த வண்டியை வெளியே கொண்டுவருகிறது. கயிற்றைச் சற்றுத் தளர விட்டு, நடை வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக முன்னே நகர்ந்தால் போதும். முதல் முறை இழுத்தபோது, பின்னால் ஒரு பிக்கப் வருகிறது என்பதையே கண்ணாடியில் பார்த்துத்தான் நம்பினேன்.

இனி என் கோபம். இந்தக் கயிறு தண்ணீர் குடிக்கிறது. ஒருமுறை பனியில் கிடந்து எழுந்தால் நனைந்த போர்வைபோல் கனக்கிறது. அப்படியே வண்டியின் பின்பெட்டியில் போட்டுவிட்டால், மறுநாள் மைனஸ் 20 பாகையில் நீர்க்குழாய்போல் விறைத்து, எந்தக் கொளுக்கியிலும் வளைய மறுக்கிறது. நைலோன் நனைந்தால் அதன் வலிமையில் பத்திலொரு பங்குக்கு மேல் குறையும். நாருக்குள் உறையும் பனித்துகள் நாரையே அரிக்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, குளியலறையில் தொங்கவிட்டு, இரண்டு நாள் உலர்த்த வேண்டும். அந்த இரண்டு நாளும் வீட்டில் எனக்குக் கிடைக்கும் மரியாதையை இங்கே எழுதுவதற்கில்லை. நீர் குடிப்பது நைலோனின் இயல்பு. அதற்கு நிறுவனத்தைக் குறை சொல்வது நியாயமல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் 30 அடிக் கயிற்றை, தொழிற்சாலையில் சுற்றிய அதே சுற்றில் மட்டுமே கொள்ளும் ஒரு பைக்குள் அடைத்து, அதன்மேல் "எல்லாக் காலநிலைக்கும்" என்று அச்சடித்தவர், ஒரு சனவரியிலாவது உறைந்த விரல்களால் அதை மீண்டும் உள்ளே திணித்துப் பார்த்திருக்க வேண்டும்.

கடந்த பெப்ரவரியில் பக்கத்துப் பண்ணைக்காரரின் பிக்கப் வாசல் பாதையோரம் அடிவயிறு வரை புதைந்தது. நான் போனபோது கயிறு விறைத்துக் கிடந்தது. அதை என் வண்டிக்குள் சூடேற்றியின் முன் வைத்துவிட்டு, அது இளகும் வரை பனியைத் தோண்டச் சவள் எடுத்தோம். அவர் இயந்திரத்தை ஓடவிட்டபடி உள்ளே இருந்ததால், முதலில் புகைபோக்கியைச் சுற்றியிருந்த பனியை அகற்றினோம். அது அடைபட்டால் கார்பன் மொனொக்சைட்டு மணமே இல்லாமல் வண்டிக்குள் ஏறும். பிறகு சக்கரங்களின் முன்னும் அடிவயிற்றின் கீழும் தோண்டினோம். இதற்கிடையில் அவருடைய மகன், கயிற்றை மாட்ட வசதியாக இருக்கும் என்று, பின்னால் இழுவண்டி (ட்ரெய்லர்) பூட்டும் இரும்புக் குண்டைக் காட்டினான். நான் போட்ட சத்தத்தில் அவன் இரண்டடி பின்வாங்கினான். அந்தக் குண்டு இப்படிப்பட்ட இழுவைக்கு வார்க்கப்பட்டதல்ல. முறிந்தால், நீண்டு நிற்கும் கயிறு அதைக் கவண்கல்போல் எறியும். அடிச்சட்டத்தோடு பிணைந்த மீட்புக் கொளுக்கியில்தான் மாட்ட வேண்டும். கயிற்று நீளத்தின் ஒன்றரை மடங்குக்குள் எவரும் நிற்கக் கூடாது. இவ்வளவும் விளக்கி முடிப்பதற்குள், அரை மணி நேரம் தோண்டியிருந்த பாதையில் வண்டி முன்னும் பின்னுமாக ஆடித் தானாகவே ஏறிவிட்டது. கயிறு அப்போதும் முழுதாக இளகவில்லை.

நெடுஞ்சாலையில் இதை எடுக்கும் எண்ணமே எனக்கு இல்லை. அது இழுவை வண்டிக்காரரின் வேலை; ஒன்ராறியோவில் 2024 யூலை முதல் இழுவை வண்டி ஓட்டுநருக்குச் சான்றிதழ் கட்டாயம். சரக்கேற்றிய பெரிய ட்ரக் என்றால் அதற்குரிய கனரக வண்டிதான் வர வேண்டும்.

ஆகவே தம்பி, பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்தக் காசில் நல்ல சவள் ஒன்றும் சக்கரத்தடியில் தூவ இரண்டு மூட்டை மணலும் வாங்கி வண்டியில் போடுங்கள். என்னுடையதை விற்பேனா என்று மட்டும் கேட்க வேண்டாம். அது இப்போது குளியலறையில் உலர்ந்துகொண்டிருக்கிறது.