கனெக்டட் கார் செகண்ட் ஹேண்ட்ல எடுக்கறீங்களா? அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பாத்துக்கோங்க

கோயம்புத்தூர்ல யூஸ்டு கார் தேடிட்டு இருக்கறவங்களுக்கு முக்கியமா சொல்றேன், மத்த ஊர்லயும் கதை இதேதான் இருக்கும். போன்ல இருந்தே லாக் பண்றது, ஏசி போடறது, வண்டி எங்க நிக்குதுன்னு மேப்ல பாக்கறது இதெல்லாம் இருக்கற மாடல்னா, பழைய ஓனர் அக்கவுன்ட்ல இருந்து வண்டிய எடுத்தாச்சான்னு தெரியாம ஒத்த ரூபா குடுக்காதீங்க.

நாங்க எடுத்தது பெரிய டீலர்கிட்டதான், கண்ணாடி ஷோரூம், காபி எல்லாம் உண்டு. டெலிவரி அன்னைக்கு "சிஸ்டம் ஃபுல்லா ரீசெட் பண்ணியாச்சு சார், புது வண்டி மாதிரி"ன்னு சொல்லி டாகுமென்டேஷன் சார்ஜ்னு தனியா ஒரு அமவுன்ட் வேற கறந்தாங்க. வீட்டுக்கு வந்து ஆப்ல சேத்தா, இந்த வண்டி ஏற்கெனவே வேற அக்கவுன்ட்ல இருக்குன்னு வருது. போன் பண்ணி கேட்டா, அதெல்லாம் சப்ஸ்கிரிப்ஷன் முடிஞ்சிருக்கும் சார், யாரு அதையெல்லாம் யூஸ் பண்றாங்கன்னு ஒரே மழுப்பல்.

அப்புறம் பொள்ளாச்சில மாமனார் வீட்டு வாசல்ல நிறுத்தியிருக்கோம், சாவி என் பாக்கெட்ல, வண்டி தானா ஸ்டார்ட் ஆகி ஏசி ஓடுது! மாமனார் பேட்டரிய கழட்டுங்க மாப்ளங்கறாரு, மச்சான் எலி வயர கடிச்சிருக்கும்ங்கறான், எலக்ட்ரீசியன் வந்து பாத்து ஒன்னும் இல்லன்னுட்டு காசு வாங்கிட்டு போயிட்டாரு. கடைசில பழைய இன்சூரன்ஸ் பேப்பர்ல இருந்த பழைய ஓனர் நம்பருக்கு அடிச்சப்பதான் விஷயம் தெரிஞ்சுது, அவங்க புது வண்டியும் அதே கம்பெனி, ஆப்ல ரெண்டு வண்டியும் இருந்திருக்கு, அவரு பையன் மாத்தி அமுக்கிட்டான். நல்ல மனுசன், பதறிப்போய் அப்பவே டிலீட் பண்ணி விட்டாரு. இதே ஒரு வில்லங்கமான ஆளா இருந்திருந்தா? நாங்க எங்க போறோம், வீட்ல எப்ப ஆள் இல்ல, எல்லாம் அவன் கைல.

2015ல அமெரிக்கால சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக்னு ரெண்டு செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர்கள் ஹைவேல ஓடற ஜீப் செரோக்கிய லேப்டாப்ல இருந்தே மடக்கிக் காட்டி, கம்பெனி 14 லட்சம் வண்டிய ரீகால் பண்ணுச்சே, அதுக்காவது மூளை வேணும். நம்ம கேஸுக்கு ஹேக்கரே தேவையில்ல. ஐபிஎம்ல இருந்த சார்லஸ் ஹெண்டர்சன் 2017லயே இதத்தான் சொன்னாரு, அவரு காரை வித்து வருசக்கணக்காகியும் அவர் போன்ல இருந்து அதைத் தொறக்க முடிஞ்சுதாம். பல வண்டில டேஷ்போர்டு ஸ்கிரீன்ல ரீசெட் குடுத்தா போன் புக்கு, புளூடூத் லிஸ்ட் இதெல்லாம்தான் போகும், அக்கவுன்ட் இருக்கறது கம்பெனி சர்வர்ல, அது அப்படியே கெடக்கும்.

அதனால ஷோரூம்லயே உக்காந்து உங்க போன்ல ஆப்ப போட்டு, வண்டி உங்க பேர்ல ஏறினத கண்ணால பாத்துட்டு பேலன்ஸ் குடுங்க. பழைய ஓனர் சிக்கலைன்னா கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஆர்சி காப்பி, ஐடி ப்ரூஃப் எல்லாம் கேப்பாங்க, ஆர்சில உங்க பேர் மாறவே நாளாகும், அதுவரைக்கும் அந்த ஆள் ஆப்லதான் உங்க வண்டி. விக்கறவங்களும் உங்க அக்கவுன்ட்ல இருந்து எடுத்துட்டு சாவியக் குடுங்கப்பா. வீட்டு கேமராவுக்கும் இதேதான், மாட்டிவிட்டவரு மொபைல் நம்பர்ல ரெஜிஸ்டர் ஆயிருக்கான்னு பாருங்க.

டீலர்கிட்ட அந்த சார்ஜையாவது திருப்பிக் குடுங்கன்னு கேட்டேன். "வண்டி ஓடுதுல்ல சார், அப்புறம் என்ன?"ங்கறாங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு கம்ப்ளைன்ட் பதிஞ்சிருக்கேன், இன்னும் பதில் இல்ல.