ஓட்டுக் கூரை கெஸிபோ: 2019-ல் கட்டியது, இன்றைக்கு எப்படி இருக்கிறது?

படங்களில் பார்க்கிற கெஸிபோ, அதாவது தூண் மேல் கூரை மட்டும் வைத்த தோட்டத்து மண்டபம், எல்லாம் வெயிலுக்கு ஒதுங்கக் கட்டியவை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அது முதலில் மழைக்கு நிற்க வேண்டும், அப்புறம் காற்றுக்கு, வெயில் மூன்றாவதுதான். ஜூனில் ஆரம்பிக்கும் தென்மேற்கு மழை சாய்வாக அடிக்கும், அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் சாயங்கால இடியோடு வடகிழக்கு வந்துவிடும். இந்த இரண்டையும் மனதில் வைத்துத்தான் வேர்க்கிளம்பிப் பக்கம் எங்கள் விளையில் (தோட்டத்தில்) ஒன்று கட்டினோம். பத்துக்குப் பத்து அடி, நாலு தூண், மங்களூர் ஓடு.

ஆன்லைனில் வருகிற மெல்லிய பைப்பும் துணியும் சேர்ந்த ரெடிமேட் கூடாரம் நாலு பக்கமும் திறந்த ஒரு குடை. காற்று அடியில் புகுந்து தூக்கினால் பிடித்து நிறுத்த அதில் கனமே கிடையாது. ஓலை அழகு, குளிர்ச்சி, ஆனால் இந்த மழைக்கு ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிக் கட்ட வேண்டும், ஓலை முடைய ஆளும் இப்போது கிடைப்பதில்லை. பாலிகார்பனேட் ஷீட் மேலே பாசி பிடித்து, கீழே புழுங்கும். இரும்பு பைப் நட்டு தகர ஷீட் போட்டால் சீக்கிரம் முடியும், செலவும் குறைவு, ஆனால் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். மழை பார்க்கக் கட்டுகிற இடத்தில் அந்தச் சத்தம் எதற்கு?

மரம் எங்களுக்கு ஒக்கி புயல் தந்தது. 2017 நவம்பர் 30 அன்று விளையில் நின்ற அயனி மரம் வேரோடு சாய்ந்தது. அதை அறுத்து, நடுவில் கட்டை கொடுத்து அடுக்கி, நிழலில் ஒரு வருஷம் காயவிட்டோம். வள்ளம் செய்கிற மரம் என்பதால் நனைவது அதற்குப் புதிது இல்லை. ரப்பர் தடி மலிவாகக் கிடைக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். மருந்தேற்றிப் பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் வண்டும் பூஞ்சையும் வெகு சீக்கிரம் ஏறிவிடும், வெளியே மழை படுகிற இடத்துக்கு அது ஆகவே ஆகாது.

வீட்டில் எல்லாருக்கும் ஆறு மூலை கெஸிபோதான் ஆசை. ஆசாரி ஒரே வரியில் முடித்தார்: "ஆறு மூலை வேணுமுன்னா வச்சுத் தரலாம், ஆனா ஓட்டுல பாதி வெட்டுத் துண்டாத்தான் போவும்." நியாயம்தான். கூரையின் இரண்டு சரிவுகள் சேருகிற ஒவ்வொரு மூலையிலும் ஓட்டைக் குறுக்காக வெட்ட வேண்டும், நாலு மூலை என்றால் நாலு வரிசை வெட்டு, ஆறு என்றால் ஆறு. வெட்டின இடமெல்லாம் பின்னாளில் ஒழுகக்கூடிய இடம். ஷிங்கிள்ஸ் என்கிற மெல்லிய கூரை வில்லைகளை ஒட்டுவதானால் எட்டு மூலைகூட வைத்துக்கொள்ளலாம், ஓடு என்றால் சதுரம்தான்.

சரிவை 30 டிகிரிக்குக் குறைக்கவே கூடாது என்று நின்றார். இறவாணத்தை (கூரையின் விளிம்பை) நாலு பக்கமும் இரண்டடி வெளியே தள்ளியதால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஏழடி, அதற்கு நாலடி உயரம். இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை: வெளியே நீளுகிற அந்த இரண்டடியில் கூரை இன்னும் ஒரு அடிக்கு மேல் கீழே இறங்கும். ஏழடித் தூண் போதும் என்று விட்டால் இறவாணம் நெற்றிக்கு வந்துவிடும். எங்களுக்கு எட்டடி.

100 சதுர அடி கூரைக்கு 140, 150 ஓடு பிடிக்கும். எங்களுக்குக் கழிவு சேர்த்து 350 ஆனது. ஒரு ஓடு இரண்டரை கிலோ என்று வைத்தாலும் கூரையில் முக்கால் டன்னுக்கு மேல் கனம். அந்தக் கனம்தான் காற்றில் கூரையைப் பிடித்து உட்கார வைக்கிறது. ஆனால் சுவர் இல்லாத கட்டடம் பக்கவாட்டில் ஆடும் என்பதால் ஒவ்வொரு தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே சாய்வாகக் கட்டை கொடுத்திருக்கிறது, விளிம்பு ஓடுகளைத் துளை வழியாகக் கம்பி விட்டு, ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டத்தோடு கட்டியிருக்கிறது. 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தபோதும் ஒரு ஓடு நகரவில்லை. இதுவரை உடைந்த ஓடெல்லாம் தேங்காய் விழுந்து உடைந்தவை. தென்னைக்கு அடியில் கட்டுகிறவர்கள் பத்து இருபது ஓடு கூடுதலாக வாங்கி வையுங்கள்.

இத்தனை வருஷத்தில் நான் அடிக்கடி குனிந்து பார்க்கிற இடம் தூணின் கால்தான். தரைக்கு மேல் ஒரு அடி கான்கிரீட் பீடம், அதில் பதித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கிளாம்ப், அந்தக் கிளாம்பில் தூண். மரத்துக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. மழை நின்று அரை நாளில் அந்த இடம் காய்ந்துவிடும். கரையான் ஏற வேண்டுமானால் பீடத்தின் வெளிப்பக்கமாக மண் குழாய் கட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும், கட்டினால் கண்ணில் பட்டுவிடும், விளக்குமாற்றால் தட்டி மருந்து விட்டால் போதும். தூணைக் குழி தோண்டி மண்ணில் நட்டிருந்தால் இதெல்லாம் தெரிந்திருக்காது.

மரத்துக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) கிடைக்கிற முந்திரித் தோட்டெண்ணெய், பழைய வீட்டு உத்திரங்களில் அடித்திருப்பார்களே, அதேதான். கையில் பட்டால் தோல் பொத்துப் போகும், கையுறை இல்லாமல் தொடவே வேண்டாம், காய நாளாகும், அதுவரை சாய்ந்தவர் சட்டை அவ்வளவுதான். ஆனால் பூச்சியும் பூஞ்சையும் கிட்டே வருவதில்லை. மழை படுகிற மேற்குப் பக்கத்துத் தூண்களுக்கு மட்டும் மறுபடி ஒரு கை அடித்தோம்.

குறை இல்லாமல் இல்லை. தரை எனக்கு இன்னும் திருப்தி இல்லை. வழவழப்பான சிவப்புத் தளவோடு பார்க்க லட்சணம், ஆனால் ஜூலை மாதம் சாரல் படுகிற ஓரமெல்லாம் பாசி பிடித்துச் சறுக்கும், வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது. சொரசொரப்பான கல்லே போடுங்கள். மேற்கே மூங்கில் தட்டி கட்டாமல் தென்மேற்கு மழையில் உள்ளே உட்காரவும் முடியாது, இறவாணம் எத்தனை நீட்டினாலும் சரி.

அப்புறம் வண்டு. சுற்றிலும் ரப்பர் தோட்டம் உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கோடை மழை ஒன்று பெய்ததும் சருகிலிருந்து கிளம்பி வெளிச்சத்தைத் தேடி வரும் அந்தச் சின்னக் கறுப்பு வண்டுகள் ஓட்டு இடுக்கெல்லாம் கொத்துக் கொத்தாக அப்பிக்கொள்ளும். நசுக்கினால் நாற்றம், கறை, மேலே பட்டால் எரிச்சல். வெள்ளை விளக்கை மாற்றி மங்கலான மஞ்சள் பல்பு போட்டதில் கூட்டம் குறைந்தது, முழுசாகப் போகவில்லை. அந்த மாதங்களில் இரவு விளக்கே போடாமல் இருப்பதுதான் சுகம்.

உபயோகம் என்று பார்த்தால், காபி குடிக்கக் கட்டியதில் பாதியை அம்மா பிடித்துக்கொண்டார்கள். ஒரு உத்திரத்தில் எப்போதும் மட்டியோ ஏத்தனோ ஒரு வாழைக்குலை தொங்கும், சக்கை (பலா) சீசனில் வெட்டுவதும் சுளை எடுப்பதும் அங்கேதான், டிசம்பரில் பிள்ளைகள் நட்சத்திரம் கட்டிக் குடில் வைத்துவிடுவார்கள். நமக்கு மிஞ்சுவது ஒரு நாற்காலி இடம்.

முட்டம், குளச்சல் பக்கம் கடலை ஒட்டி வீடு உள்ளவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உப்புக் காற்றில் சாதாரண ஜிஐ கிளாம்ப் தாக்குப்பிடிக்காது, கிளாம்ப், போல்ட், ஓடு கட்டுகிற கம்பி எல்லாமே 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகக் கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மொத்தச் செலவில் அது சின்னப் பங்கு.