பழைய இசியு, புதிய கருவிகள்: ஒரு நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

கார் என்ஜினைக் கட்டுப்படுத்தும் இசியு பெட்டிக்குள் ஓடும் நிரலை வீட்டிலிருந்தபடியே பிரித்துப் படிக்க விரும்புபவருக்கு எந்தக் கருவி நெடுநாள் கைகொடுக்கிறது என்பதைப் பல ஆண்டுப் பழக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பு நிரலை வெளியே எடுப்பது எளிது, புரிந்துகொள்வது கடினம். இன்று புரிந்துகொள்ள நல்ல மென்பொருள்கள் இருக்கின்றன, நிரலைத்தான் வெளியே எடுக்க முடிவதில்லை. கருவிகளைப் பற்றிய என் மதிப்பீடுகள் எல்லாம் இதையொட்டியே அமைந்தவை.

குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் இருப்பதால் எனக்கு ஒரு வசதி உண்டு. வளைகுடா நாட்டு ஒர்க் ஷாப்பில் வேலை பார்த்த மாமா ஒருவர், 1990களின் தொடக்கத்தைச் சேர்ந்த ஜெனரல் மோட்டார்ஸ் இசியு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன் நிரலும் எரிபொருள், இக்னிஷன் அட்டவணைகளும் 'மெம்கேல்' எனப்படும் கழற்றக்கூடிய சிறு பலகையில், 27சி256 வகை இபிரோம் என்ற நினைவகச் சிப்பில் இருக்கின்றன. மொத்தம் 32 கிலோபைட்தான். பூட்டு எதுவும் கிடையாது. அடாப்டர் வழியாக சிப்புகளைப் படித்து எழுதும் டிஎல்866 புரோகிராமர் கருவியில் செருகினால், சில நொடிகளில் முழுவதும் கணினிக்கு வந்துவிடும்.

வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. மோட்டரோலா 68எச்சி11 குடும்பச் செயலிகளில், மின்சாரம் வந்ததும் எங்கிருந்து ஓடத் தொடங்க வேண்டும் என்ற முகவரி நினைவகத்தின் கடைசி இரண்டு பைட்டுகளில் இருக்கும். அந்த நுனியைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அடுத்த பிடி, எண்கள் எழுதப்படும் முறை. கூலன்ட் வெப்பநிலை ஒரே பைட்டில் இருக்கிறது, அதை 0.75ஆல் பெருக்கி 40ஐக் கழித்தால் செல்சியஸ் கிடைக்கும். ரேடியேட்டர் விசிறி 104 டிகிரியில் ஓட வேண்டுமானால், நிரல் எங்கோ ஓரிடத்தில் 192 என்ற எண்ணோடு ஒப்பிட்டாக வேண்டும். அப்படி 192 வருகிற இடங்களைத் தேடி ஊகித்துவிட்டு, மேசைமேல் சென்சாருக்குப் பதிலாகப் பொட்டன்ஷியோமீட்டரை (திருகி மாற்றும் மின்தடையை) இணைத்துத் திருகி, இசியுவிலிருந்து 8192 பாட் வேகத்தில் வரும் கண்டறிதல் தரவைப் பார்த்தால் ஊகம் சரியா என்பது அப்போதே தெரிந்துவிடும். காரே இல்லாமல் இவ்வளவு கற்றுத்தரும் பெட்டியை நான் வேறு பார்த்ததில்லை.

முன்பெல்லாம் செயலியின் கட்டளைகளான அசெம்பிளி வரிகளைத் தாளில் அச்சிட்டு, பென்சிலால் அம்புக்குறி போட்டுப் படித்தேன். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை 2019 மார்ச்சில் நிரலைப் பிரித்துக் காட்டும் கித்ரா மென்பொருளை இலவசமாக வெளியிட்ட பின் அந்தத் தாள்கள் பரணுக்குப் போயின. இத்தகைய 8 பிட் நிரல்களை அது சி மொழி வடிவில் காட்டும்போது நான் முழுவதும் நம்புவதில்லை. ஆனால் ஒரு நினைவக முகவரியை நிரலின் எந்தெந்தப் பகுதிகள் தொடுகின்றன என்று நொடியில் திரட்டித் தருவதற்காகவே அதை வைத்துக்கொள்ளலாம். செயலியின் பதிவேடுகளின் (ரெஜிஸ்டர்களின்) தொகுதி எந்த முகவரியில் தொடங்குகிறது என்பதை மட்டும் நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும். அதை இடம் மாற்றிக்கொள்ள இந்தச் செயலி அனுமதிப்பதால், பொதுக் கையேட்டில் உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

புரோகிராமரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் ஐசி கால்களும் சாக்கெட்டும் கறுத்துப் போவது வாடிக்கை என்பதால், படித்த கோப்பை உடனே மறுமுறையும் படித்து ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

காரின் கண்டறிதல் இணைப்பில் செருகித் தரவு படிக்கும் ஈஎல்எம்327 அடாப்டரின் மலிவான நகல்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1.5 என்ற பதிப்பை வெளியிடவே இல்லை. சந்தையில் கிடைப்பவற்றில் பல அந்த எண்ணைத்தான் காட்டும். மூல நிறுவனமும் 2022இல் மூடப்பட்டுவிட்டது. நீண்ட பதில்களை இந்த நகல்கள் பாதியில் விட்டுவிடுகின்றன. ஆயினும் கே லைன் என்ற ஒற்றைக் கம்பித் தொடர்பு உள்ள பழைய பெட்ரோல் காரில் மெதுவாக மாறும் அளவுகளைப் பதிய இவை போதும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் மேல்காற்று வீசும்போது, முப்பந்தல் பக்கம் சமதளமான ஒரே பகுதியில் ஒரே வேகத்தில் போகவும் வரவும் ஓட்டினேன். காற்றை எதிர்த்து நாகர்கோவில் பக்கம் திரும்பும்போது என்ஜினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டு குழாயின் அழுத்தம் கூடியது, தீப்பொறி எவ்வளவு முந்தி வருகிறது என்ற இக்னிஷன் அட்வான்ஸ் குறைந்தது. இந்த அட்வான்ஸ் அளவு வரும் பைட்டைப் பாதியாக்கி 64ஐக் கழித்தால் டிகிரி கிடைக்கும். பெட்டியைத் திறக்காமலே அதன் இக்னிஷன் அட்டவணையின் ஒரு வரிசையை இப்படி வெளியிலிருந்து வரைந்துவிடலாம். அதற்கு வேண்டிய காற்று எங்கள் ஊரில் செலவில்லாமல் கிடைக்கிறது.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 மாசு விதிக் காலத்துப் பெட்டிகள் வேறு வகை. இன்ஃபினியனின் ட்ரைகோர் செயலி, மெகாபைட் கணக்கில் நிரல், கடவுச்சொல், கையொப்பச் சோதனை என்று அடுக்கடுக்காக இருக்கும். கித்ராவுக்கு ட்ரைகோரும் தெரியும். ஆனால் அதற்குக் கொடுக்கக் கோப்பு வேண்டுமே! எனினும் ட்ரைகோர் பெட்டிகளைத் தனியொருவர் படிக்கவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. ஃபோக்ஸ்வாகன் மாசு மோசடி 2015இல் வெளிவந்த சில மாதங்களிலேயே, ஃபெலிக்ஸ் டோம்கே என்ற ஜெர்மானியர் மோசடியில் சிக்கிய டீசல் என்ஜினின் இசியு நிரலைப் பிரித்து, ஆய்வகச் சோதனை ஓட்டத்தை அது எப்படி அடையாளம் கண்டது என்பதை ஹாம்பர்க் ஹேக்கர் மாநாட்டில் விளக்கினார்.

இந்த வேலை தெரியும் என்றவுடன் மாசைக் குறைக்கப் புகையின் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பிவிடும் இஜிஆரை அணைத்துத் தரும்படி கேட்டு வருபவர்கள் உண்டு. அதை நான் செய்வதில்லை. படிப்பதற்காகவே தொடங்குபவர், ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் கிடைக்கும் கழற்றக்கூடிய இபிரோம் உள்ள இசியு ஒன்றையும், ஒரு புரோகிராமரையும், 12 வோல்ட் மின்வழங்கி ஒன்றையும் முதலில் வாங்கலாம். ஈஎல்எம் நகலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கேன் (காரின் பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் தகவல் வழி) இணைப்புள்ள கார் கையில் இருந்தால், அதற்கென்றே உள்ள யுஎஸ்பி கேன் அடாப்டரை லினக்ஸில் பயன்படுத்துவது இன்னும் மேல்.