இரண்டு இயங்குதளம் உள்ள கணினியைக் கடையில் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ஒரே கணினியில் விண்டோஸையும் உபுண்டுவையும் சேர்த்து வைத்திருப்பவர்கள், டிஸ்க் மாற்றும் வேலைக்காக அதைக் கடையில் கொடுக்குமுன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வட சென்னையில் ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடையில் எனக்கு நேர்ந்ததைத்தான் எழுதுகிறேன். உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பியிருப்பதால் கடையின் பெயரையும் தெருவையும் இங்கே குறிப்பிடவில்லை.

துறைமுகத்தை நம்பித் தொழில் செய்யும் சில சிறிய கிளியரிங் ஏஜெண்டுகளுக்கு நான் ராயபுரத்தில் வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். எனக்கு வேண்டிய டேலி என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸில் இருக்கிறது. பொறியியல் படிக்கும் என் மகனுக்கு உபுண்டு வேண்டும். 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) ஒன்றில் விண்டோஸும், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பாதியில் டி டிரைவும், மறுபாதியில் உபுண்டுவும் இருந்தன. இடம் போதாமல் போனதால், 1 டி.பி. அளவுள்ள, என்.வி.எம்.இ. என்ற வேகமான வகை எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கி விண்டோஸை உள்ளது உள்ளபடியே அதற்கு மாற்றுவது, காலியாகும் பழைய எஸ்.எஸ்.டி.க்கு உபுண்டுவைக் கொண்டுபோவது, பேக்கப் எடுப்பதற்கென்று 2 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பது என்று திட்டமிட்டோம். எந்த டிஸ்க்கில் எந்தப் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி) இருக்கிறது, எது எங்கே போக வேண்டும் என்பதை மகன் ஒரு தாளில் வரைந்து, "புதியவை சரியாக இயங்குவதை நாங்கள் பார்க்கும்வரை பழைய டிஸ்க் எதையும் ஃபார்மட் செய்யக் கூடாது" என்றும் எழுதி, கடையின் ஜாப் ஷீட்டோடு (வேலை விவரச் சீட்டு) பின் அடித்தே கொடுத்தான். உரிமையாளர் அதைப் படித்துவிட்டு, "குளோனிங்தானே சார், தினமும் பண்றதுதான்" என்றார்.

திரும்பி வந்த கணினியில் இருந்தது குளோன் செய்த, அதாவது பழையதை அப்படியே நகலெடுத்த, விண்டோஸ் அல்ல, புதிதாக நிறுவிய விண்டோஸ். டேலி இல்லை. தொடங்கும்போது வழக்கமாக வரும் உபுண்டு மெனுவும் வரவில்லை. டி டிரைவுக்கு அடுத்து 'நியூ வால்யூம்' என்ற பெயரில் காலியான டிரைவ் ஒன்று முளைத்திருந்தது. அதன் அளவைப் பார்த்தவுடனேயே மகனுக்கு முகம் வெளுத்துவிட்டது. உபுண்டு இருந்த பார்ட்டிஷனின் அளவுதான் அது.

உபுண்டு பயன்படுத்தும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு அமைப்பை விண்டோஸ் தானாகப் படிக்காது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் அந்தப் பார்ட்டிஷன் தெரியும். ஆனால் அதற்கு டிரைவ் எழுத்து இருக்காது, கோப்பு அமைப்பின் பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். விண்டோஸ் மட்டுமே பழகிய ஒருவருக்கு அது பயனற்றுக் கிடக்கும் இடமாகத் தோன்றக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே ஜாப் ஷீட்டில் பின் அடித்த தாள் இருந்தது. தன்னிடம் சாவி இல்லை என்பதற்காக அறையே காலி என்று முடிவு கட்டியதைப் போல, அந்தப் பார்ட்டிஷனை நீக்கி, அதே இடத்தில் விண்டோஸ் பயன்படுத்தும் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்திருக்கிறார்கள். கேட்டதற்கு, "சும்மா கிடந்த இடத்தைத்தான் சார் உங்களுக்கு யூஸ் ஆகுற மாதிரி பண்ணிக் கொடுத்திருக்கோம்" என்று பெருமையாகவே பதில் வந்தது.

பழைய எஸ்.எஸ்.டி.யையும் ஃபார்மட் செய்துவிட்டார்கள். அதற்குமுன் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் டி டிரைவில் காப்பி எடுத்து வைத்ததாகச் சொன்னார்கள். அவை இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் டேலி பிரைம் தன் கணக்குகளை வழக்கமாக அந்தக் கோப்புறைகளில் வைப்பதில்லை; சி டிரைவில் 'யூசர்ஸ்' என்பதற்குள் 'பப்ளிக்' என்ற பொதுக் கோப்புறையில் வைக்கிறது. அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. வணிகர்கள் நிறைந்த இந்தப் பகுதியில் கடை வைத்திருப்பவருக்கு டேலி எங்கே சேமிக்கிறது என்பது தெரியாது என்றால், இதுவரை எத்தனை பேருடைய கணக்கு இப்படிப் போயிருக்குமோ!

இதுவரை நடந்ததை அறியாமை என்று விட்டுவிடலாம். அடுத்து நடந்ததை அப்படி விட முடியவில்லை. "ரெக்கவரி பண்ணிடலாம், ரெண்டு டிஸ்க்குக்கும் சேர்த்து 6,500 ஆகும்" என்றார் உரிமையாளர். அவர்கள் அழித்ததை மீட்க நான் பணம் தர வேண்டும்! வேறு வழி தெரியாமல் ஜிபேயில் அனுப்பினேன்.

எஸ்.எஸ்.டி.யையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஃபார்மட் செய்வதில் பெரிய வேறுபாடு உண்டு. ஹார்ட் டிஸ்க்கில் 'குயிக் ஃபார்மட்' செய்தால், புதிய கோப்பு அமைப்புக்கான அடிப்படைக் குறிப்புகள் மட்டும் எழுதப்படும். பழைய கோப்புகளின் உள்ளடக்கத்தில் பெரும்பகுதி, வேறு எதுவும் அதன்மேல் எழுதப்படும்வரை, அப்படியே இருக்கும். எஸ்.எஸ்.டி.யிலோ, விண்டோஸ் ஃபார்மட் செய்யும்போதே 'டிரிம்' என்ற கட்டளையை அனுப்பி, இந்த இடங்களில் இருப்பது இனி தேவையில்லை என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடுகிறது. அதன்பிறகு அந்த இடங்களைப் படித்தால் பெரும்பாலும் சுழியங்களே கிடைக்கும். ஆகவே பழைய எஸ்.எஸ்.டி.யிலிருந்த டேலி கணக்கைச் சாதாரணக் கடையில் மீட்க ஏறக்குறைய வாய்ப்பே இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆயினும் அதற்கும் சேர்த்துத்தான் பணம் வாங்கினார்.

ஹார்ட் டிஸ்க்கில் நிலைமை நேர்மாறானது. எக்ஸ்ட்4 தன் முதன்மைக் குறிப்பின் நகல்களைப் பார்ட்டிஷனில் பல இடங்களில் வைத்திருப்பதால், 'டெஸ்ட்டிஸ்க்' போன்ற இலவச மென்பொருளைக் கையாளத் தெரிந்த ஒருவர், டிஸ்க்கில் வேறு எதுவும் எழுதாமல் இருந்திருந்தால், கோப்புறைகளையும் பெயர்களையும் சேர்த்தே கணிசமான அளவுக்கு மீட்டிருக்க முடியும். கடையில் செய்ததோ வேறு. டிஸ்க் திரும்பி வந்தபோது, அதே 'நியூ வால்யூம்' டிரைவுக்குள் 'ரெகப்_டிர்' என்று தொடங்கும் கோப்புறைகள் வரிசையாக இருந்தன; உள்ளே 'எஃப்' என்ற எழுத்தும் நீண்ட எண்ணும் மட்டுமே பெயராகக் கொண்ட கோப்புகள். இவை 'போட்டோரெக்' என்னும் இன்னொரு இலவச மென்பொருளின் அடையாளங்கள். அது கோப்பு அமைப்பைப் பார்க்காமல், கோப்புகளின் தொடக்கத்தில் இருக்கும் அடையாளத்தை வைத்தே தேடி எடுப்பதால், பெயரும் கோப்புறையும் திரும்ப வருவதில்லை. அதுகூடப் போகட்டும். மீட்டெடுக்கும் கோப்புகளை, எதிலிருந்து மீட்கிறோமோ அதே பார்ட்டிஷனில் சேமிக்கக் கூடாது என்பது அந்த மென்பொருளைப் பயன்படுத்துவோருக்குச் சொல்லப்படும் முதல் விதி. இவர்கள் அங்கேயே சேமித்திருக்கிறார்கள். ஒரு கோப்பை மீட்டு எழுதும்போதே மீட்கப்படாத இன்னொன்றின்மேல் எழுதியிருக்கிறார்கள். மகனுடைய இறுதியாண்டு புராஜெக்ட்டின் நிரல்கள் துண்டு துண்டாக, பெயரில்லாமல், ஆயிரக்கணக்கான தற்காலிகக் கோப்புகளுக்கு நடுவே கிடந்தன.

இவற்றையெல்லாம் கண்டுபிடித்துச் சொன்னவர் வியாசர்பாடியில் இருக்கும், மகனுக்குக் கல்லூரியில் சீனியராக இருந்த ஒரு தம்பி. இருக்கும் நிலையைக் கெடுக்காமல் காப்பதற்காக அவர் பழைய எஸ்.எஸ்.டி.யின் கேபிளைக் கழற்றினார். உடனே புதிய எஸ்.எஸ்.டி.யிலிருந்த விண்டோஸும் தொடங்க மறுத்துவிட்டது. எல்லா டிஸ்க்குகளும் இணைந்திருக்கும்போதே விண்டோஸை நிறுவியதால், தொடக்கக் கோப்புகள் புதிய எஸ்.எஸ்.டி.யில் அல்லாமல், பழைய எஸ்.எஸ்.டி.யில் ஏற்கெனவே இருந்த இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனிலேயே (கணினி தொடங்கத் தேவையான கோப்புகளுக்கான சிறு பகுதி) போய் அமர்ந்திருந்தன. பழைய எஸ்.எஸ்.டி. என்றைக்குப் பழுதானாலும் புதிய விண்டோஸும் அன்றே நின்றிருக்கும். புதிய டிஸ்க்கைத் தவிர மற்றவற்றின் கேபிளை நிறுவும் நேரத்துக்கு மட்டும் கழற்றி வைத்திருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது.

அதே தம்பி 'கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளில் அந்த 2 டி.பி. ஹார்ட் டிஸ்க்கையும் பார்த்தார். புதியது என்று சொல்லிக் கடை உரிமையாளர் விற்ற டிஸ்க் 21 ஆயிரம் மணி நேரத்துக்குமேல் ஓடியிருந்தது, அதாவது இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இடைவிடாமல். சிசிடிவி கேமராப் பெட்டியிலிருந்து கழற்றியதாக இருக்கலாம் என்பது அவருடைய ஊகம். தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் வரிசை எண்ணைக் கொடுத்துப் பார்த்தபோது வாரண்டியும் எப்போதோ முடிந்திருந்தது. உங்கள் கடைக்காரர் நல்லவராகவே இருந்தாலும், வாங்கும் டிஸ்க்கின் 'பவர் ஆன் ஹவர்ஸ்' எண்ணைக் கடையிலேயே திரையில் காட்டச் சொல்லுங்கள். புதிய டிஸ்க்கில் அது சுழியமாகவோ, மிகச் சில மணி நேரமாகவோதான் இருக்கும்.

பில் விஷயத்தையும் சொல்ல வேண்டும். கேட்டதற்கு, "பில் போட்டால் 18 பர்சென்ட் ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா ஆகும் சார்" என்று சொல்லி உரிமையாளர் ஓர் எஸ்டிமேட் சீட்டைக் கையில் திணித்தார். கணக்கு எழுதிப் பிழைப்பவனிடமே இந்தப் பேச்சு. மீண்டும் கேட்டபோது, வேலை முடிந்து கணினியைக் கொடுக்கும்போது தருவதாகச் சொன்னார், தரவில்லை. விற்ற பொருளுக்கோ செய்த சேவைக்கோ பில் தர மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. பில் இல்லை என்பதற்காகப் புகார் கொடுக்க முடியாது என்று எண்ணிவிட வேண்டாம். ஜாப் ஷீட்டின் படம், ஜிபே விவரம், வாட்ஸ்அப் உரையாடல், டிஸ்க்கின் வரிசை எண் எல்லாமே சான்றுகள்தான்.

டேலி கணக்கை எப்படி மீட்டேன் என்று சிலர் கேட்டார்கள். பென் டிரைவில் மார்ச் மாத முடிவு வரையிலான பேக்கப் இருந்தது. அதற்குப் பிந்தைய விற்பனைகளை, ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்கெனவே தாக்கல் செய்திருந்த ஜி.எஸ்.டி.ஆர்.-1 விவரங்களைப் பதிவிறக்கியும், கொள்முதல்களை, விற்றவர்கள் தாக்கல் செய்ததிலிருந்து அதே தளம் தயாரிக்கும் 2பி அறிக்கையை வைத்தும், மற்றவற்றை வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டும் திரும்ப உள்ளிட்டேன். சில்லறைச் செலவு வவுச்சர்கள் இன்னும் முழுமையாகவில்லை.

இத்தகைய வேலையைக் கடையில்தான் செய்ய வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், உபுண்டுவில் உள்ள 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறந்து ஒவ்வொரு டிஸ்க்கின் திரையையும் படமெடுத்து, டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் வரிசை எண்ணோடு சேர்த்து ஜாப் ஷீட்டிலேயே எழுதச் செய்து, உரிமையாளரின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்; தனித் தாள் 'தொலைந்துபோகும்', எனக்குத் தொலைந்துபோனது. வேலையில் சேராத டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பழைய டிஸ்க்கைத் திரும்பக் கையில் கொடுக்கும்படி கேளுங்கள். அதை ஃபார்மட் செய்வதற்கு அவசரமே இல்லை. 'குளோன்சில்லா' போன்ற மென்பொருளால் டிஸ்க்கை நகலெடுத்தால் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனும் சேர்ந்தே வரும். ஆனால் நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால், இரண்டையும் ஒன்றாக இணைத்து முதல் தடவை இயக்கக் கூடாது. நகலெடுக்குமுன் விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைத்துவிட்டு முழுமையாக ஷட் டவுன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் பார்ட்டிஷன் பாதி உறக்க நிலையிலேயே இருக்கும், உபுண்டு அதில் எழுத மறுக்கும். விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவுவதென்றால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நீங்களே நுழையுங்கள். கடைக்காரரின் கணக்கில் நிறுவி, டிஸ்க் குறியாக்கமும் (சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவது) தானாக இயங்கத் தொடங்கிவிட்டால், 48 இலக்க மீட்புச் சாவி அவருடைய கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகுதான் கடை உரிமையாளர் தாமாக என்னை அழைத்தார். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் மாற்றித் தருவதாகவும், கூகுளில் நான் எழுதிய கருத்தை முதலில் நீக்க வேண்டும் என்றும் சொன்னார். மறுத்துவிட்டேன். டிஸ்க்கின் விலை, ரெக்கவரிக்கு வாங்கிய தொகை, கூலி ஆகியவற்றைத் திரும்பக் கேட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நாம் வசிக்கும் இடத்தைக் கொண்டே வழக்குத் தொடுக்கச் சட்டம் இடம் தருகிறது, கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தால் போதும். இந்தப் பகுதியில் இதேபோல் ஓடிய டிஸ்க்கைப் புதியதென்று வாங்கி ஏமாந்தவர்கள் வரிசை எண் தெரியும் படத்தோடு என்னைத் தொடர்புகொண்டால், மனுவை ஒன்றாகக் கொடுப்பது பற்றிப் பேசலாம்.