கரண்ட் போனா தான் ரெக்கார்டிங்: அம்மாபேட்டை மாடி ஸ்டூடியோ, ஒன்றரை வருஷ அனுபவம்

மொதல்லயே சொல்லிடறேன், இந்த ஸ்டூடியோவுக்கு போர்டு கிடையாது, மேப்ல தேடினாலும் வராது, பேரு என்னன்னு கேக்காதீங்க, நடத்துற கீபோர்டு அண்ணன் பேரே வைக்கல. சேலம் அம்மாபேட்டைல தறி ஓடுற தெருவுக்குள்ள போய் ரெண்டாவது மாடி, அவ்ளோதான் அட்ரஸ். சேலத்துல ஆடி மாசம் கோயில் கோயிலா ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறவங்க யாரையாச்சும் புடிச்சு, கீபோர்டு வாசிப்பாரே அந்த அண்ணன் மாடி எங்கன்னு கேட்டா கையப் புடிச்சு கூட்டிட்டுப் போய் விட்டுடுவாங்க. நான் ஒன்றரை வருஷமா அங்க தான் பாடறேன், நாலு பாட்டு வெளிய விட்டாச்சு, அஞ்சாவது ஓடிட்டு இருக்கு. "எங்க ப்ரோ ரெக்கார்ட் பண்ற, எவ்ளோ ஆகுது"ன்னு கேக்கற பசங்களுக்கு தனித்தனியா டைப் பண்ணி கை வலிக்குது, அதான் ஒரேடியா எழுதிடறேன்.

ரேட்: மணிக்கு 350 ரூபா, மிக்ஸ் மாஸ்டரிங் (பதிஞ்ச சவுண்ட கலந்து கடைசியா சரி பண்றது) சேத்து பாட்டுக்கு 4,000. ஒரே ஒரு தடவ சென்னை போய் ரெக்கார்ட் பண்ணேன், பஸ்சு, ரூமு, சாப்பாடுன்னு ஸ்டூடியோக்கு வெளிய செலவானதே இதுக்கு மேல. ரேட் மேட்டர் இதோட முடிஞ்சுது.

இப்ப கரண்ட் மேட்டருக்கு வரேன். அம்மாபேட்டைன்னா தெரியும்ல, வீட்டுக்கு வீடு விசைத்தறி. சத்தம் காதுல கேக்கறது ஒரு பக்கம், தரை வழியா கால்ல ஏறும் அது தான் பிரச்சன. செவுத்துக்கு ஃபோம் ஒட்டி, அதுக்கு மேல பழைய ஜமுக்காளம் ரெண்டு அடுக்கு தொங்க விட்டும் மைக்ல அந்த டக்கு டக்கு லேசா விழும். நான் மொத நாள் போனப்ப ஹெட்போன்ல கேட்டுட்டு, அண்ணா டெம்போ 112ல ஏதோ கிளிக் ஓடுதுன்னு சொன்னேன், அவரு சிரிச்சுட்டு "அது பக்கத்து வீட்டு தறி தம்பி, நம்ம பாட்டுக்கு சம்பளம் வாங்காம வாசிக்குது"ன்னாரு. அதுக்கு அவரு கண்டுபுடிச்ச வழி தான் எனக்கு ரொம்பப் புடிச்சது. மாசாமாசம் பராமரிப்புக்குன்னு கரண்ட் நிறுத்துவாங்கல்ல, பேப்பர்ல "நாளை மின்தடை"ன்னு ஏரியா பேரோட வருமே, அத கத்தரிச்சு கதவுல ஒட்டி வெச்சிருப்பாரு. அன்னிக்கு காலைல 9 மணில இருந்து மதியம் வரைக்கும் தெருவுல ஒரு தறி ஓடாது, சுத்தமான அமைதி, அது தான் அவரோட வோக்கல் நாள். லேப்டாப் பேட்டரில, மத்ததெல்லாம் இன்வெர்டர்ல. ஃபேன் போட்டா மைக்ல விழும்னு அதையும் நிறுத்திடுவாரு. ஏப்ரல் மாசத்துல ஒரு மின்தடை அன்னிக்கு நாலு மணி நேரம் பாடுனேன், வெளிய வந்தப்ப சட்டைய புழிஞ்சா ஒரு சொம்பு தண்ணி வரும், ஆனா அந்த டேக் மாதிரி ஒன்னு அதுக்கப்புறம் நான் பாடவே இல்ல.

சாமானெல்லாம் சிம்பிள். மைக்க லேப்டாப்போட சேக்கற ரெண்டு இன்புட் இன்டர்ஃபேஸ் ஒன்னு, ரோட் கண்டன்சர் மைக் ஒன்னு, ரெக்கார்ட் பண்ற ரீப்பர் சாஃப்ட்வேர், அது காசு குடுத்து வாங்குன லைசன்ஸ், க்ராக் இல்ல, அதுல அவருக்கு ஒரு கெத்து. ரெண்டு இன்புட் தான்கறதால தவில், லைவ் டிரம்ஸ் எல்லாம் இங்க நடக்காது. என் மூணாவது பாட்டுக்கு தவில் வேணும்னு அடம் புடிச்சேன், வாசிக்க வந்த அண்ணன் வலந்தலைல, அதான் தவிலோட வலது பக்கத்துல, ஒரு தட்டு தட்டினாரு, மீட்டர் ஃபுல்லா சிவப்பு, மைக்க வாசல் வரைக்கும் தள்ளி வெச்சு கடைசில கிணத்துக்குள்ள இருந்து கேக்கற மாதிரி ஒன்னு கெடச்சுது. அத தூக்கிட்டோம்.

ஆனா நான் இவர பத்தி எழுதறதே இன்னொரு விஷயத்துக்கு. ஒரு 80 பக்க கோடு போட்ட நோட்டு வெச்சிருக்காரு. பாட்டு பேரு, யாரு எழுதுனது, யாரு மெட்டு போட்டது, யாரு பாடறது, யாருக்கு எத்தன சதவீதம், தேதி, எல்லார் கையெழுத்து. இத எழுதி முடிக்காம மைக்க ஆன் பண்ண மாட்டாரு, மணி ஓடிட்டு இருக்குன்னு கெஞ்சினாலும் சரி. மொத தடவ எனக்கு கடுப்பாச்சு. பாட்டு எழுதுனவன் என் மச்சான், ஸ்கூல்ல இருந்து பழக்கம், அவன்கிட்ட போய் சதவீதம் பேசறதா, அசிங்கமா இருக்கும்லன்னு தோணுச்சு. ரெண்டு பேரும் அஞ்சு நிமிசம் பேசாம ஜமுக்காளத்த பாத்துட்டு உக்காந்திருந்தோம். அப்புறம் அவனே "வரி நான், மெட்டு நீ, பாதி பாதி போடு"ன்னான். ரெக்கார்டிங் பக்கம் செலவு பண்ணது நானு, அதனால அது என்னோடது. இப்டி ரெண்டும் வேற வேற சொத்துன்னே அன்னிக்கு தான் எனக்கு உறைச்சுது: வரியும் மெட்டும் ஒன்னு, அத பாடிப் பதிஞ்ச ஆடியோ இன்னொன்னு, ரெண்டுக்கும் காசு வர்ற வழியும் வேற.

அண்ணன் கதைய ஒரு நாள் அவங்க அம்மா தான் சொன்னாங்க, கீழ் வீட்ல இருந்து காப்பி கொண்டாந்து குடுத்தப்ப. கேசட் காலத்துல அம்மன் பாட்டுக்கு மெட்டு போட்டு குடுத்திருக்காரு, ஒரு பாட்டுக்கு 500 ரூபா, கையில காசு, அவ்ளோதான், அட்டைல பேரு இல்ல. இன்னிக்கும் ஆடி வந்தா அந்தப் பாட்டு ஸ்பீக்கர்ல ஓடுதாம். "ஓடும்போதெல்லாம் இவன் வாசப்படில நின்னு கேப்பான் கண்ணு"ன்னு சொல்லிட்டு காப்பி டம்ளர எடுத்துட்டு போயிட்டாங்க. நான் அண்ணன்கிட்ட இதப்பத்தி ஒன்னும் கேட்டதில்ல. 2012ல காப்பிரைட் சட்டத்த திருத்தினதுக்கு அப்புறம் எழுதறவங்க, மெட்டு போடறவங்க ராயல்டி பங்க இன்னொருத்தருக்கு மொத்தமா எழுதிக் குடுத்தாலும் அது செல்லாது, வாரிசுக்கோ ராயல்டி வசூல் பண்ற சொசைட்டிக்கோ மட்டும் தான் மாத்தலாம். அவருக்கு இது மனப்பாடம், புதுசா வர்ற எல்லாப் பசங்களுக்கும் ஒப்பிப்பாரு.

இவர்ட்ட வர்றதுக்கு முன்னாடி நான் தனியா பண்ண கூத்த சொன்னா தான் இவரு அருமை புரியும். என் பேர்ல ஒரு ழ இருக்கு. மொத பாட்டுக்கு இங்கிலீஷ்ல இசட் ஹெச் போட்டு ஏத்துனேன், ரெண்டாவதுக்கு ஸ்டைலா இருக்கட்டும்னு வெறும் எல் போட்டேன். ரெண்டும் ரெண்டு ஆளாயிடுச்சு, அதுல ரெண்டாவது பாட்டு எல் போட்ட பேர்ல ஏற்கனவே இருந்த வேற ஒரு பாடகர் பக்கத்துல போய் உக்காந்துடுச்சு, அவரு பக்திப் பாட்டு பாடறவரு, நடுவுல என் காதல் தோல்வி ராப். நம்ம பாட்ட ஸ்பாட்டிஃபை மாதிரி எடத்துக்கெல்லாம் ஏத்தி விடற அந்த டிஸ்ட்ரிப்யூட்டர் கம்பெனிக்கு மெயில் போட்டா மெஷின் பதில் தான் வருது, சரி பண்ண மூணு வாரம். பேரு வேணாம், எல்லா எடத்துலயும் நடக்கறது தான். பீட்டும், அதான் ராப்புக்கு அடில ஓடுற மியூசிக், அப்டி தான், நெட்ல 20 டாலருக்கு லீசுக்கு எடுத்தது, அதே பீட்ட வேற எவ்ளோ பேரு எடுத்திருக்கானோ யாருக்குத் தெரியும், நம்ம ஆடியோ வேற எவன் வீடியோல இருந்தாலும் புடிச்சுக் குடுக்கற யூடியூப் கன்டென்ட் ஐடிய நான் பாட்டுக்கு ஆன் பண்ணிட்டேன், எவனோ ஒருத்தன் வீடியோவுக்கு என் பேர்ல க்ளெய்ம் போய், அவன் திட்டி, அந்த வசதியையே என் அக்கவுண்ட்ல தூக்கிட்டாங்க. தப்பு என் மேல தான், லீசு பத்திரத்துலயே போட்டிருக்கு, நான் படிக்கல.

அண்ணன் மொத வேலையா பேர ஒரே ஸ்பெல்லிங்ல நோட்டு அட்டைலயே எழுத வெச்சாரு, சாகற வரைக்கும் இது தான்னு. அப்புறம் ஐஎஸ்ஆர்சி நம்பர், 12 எழுத்து, ஒரு ரெக்கார்டிங்குக்கு ஒன்னு, அந்த ஆடியோவோட ஆதார் கார்டுன்னு வெச்சுக்கங்க. நான் டிஸ்ட்ரிப்யூட்டர மாத்தினப்ப பழைய நம்பரையே புது எடத்துலயும் போட வெச்சாரு, அதனால பழைய ப்ளே கவுன்ட் அப்டியே வந்துடுச்சு, இல்லன்னா ஜீரோல இருந்து ஆரம்பிச்சிருக்கணும். வருஷ சந்தா வாங்கறவன்ட்ட போனா சந்தா நின்னா பாட்ட எறக்கிடுவானா, சந்தா இல்லாதவன் வர்றதுல எவ்ளோ புடிப்பான், ரெண்டையும் கேட்டுட்டு கையெழுத்து போடுன்னாரு. பாட்ட ரிலீசுக்கு நாலு வாரம் முன்னாடியே ஏத்தணும்பாரு, ஏன்னா ஸ்பாட்டிஃபைல ப்ளேலிஸ்ட்ல சேக்கச் சொல்லி கேக்கணும்னா (பிட்ச்) பாட்டு வெளிய வந்திருக்கக் கூடாது, குறைஞ்சது 7 நாள் முன்னாடி குடுத்தா தான் ஃபாலோ பண்றவங்களுக்கு புதுப் பாட்டு காட்டற ரிலீஸ் ரேடார் லிஸ்ட்ல கட்டாயம் வரும். நான் முன்னாடியெல்லாம் வெள்ளிக்கிழமை நைட்டு மிக்ஸ் முடிச்சு அப்டியே ஏத்தி விட்டுட்டு ஏன்டா ஒருத்தனும் கேக்கலன்னு அழுதுட்டு இருந்தவன்.

ஐபிஆர்எஸ் ஃபார்மும் அவரு தான் பக்கத்துல உக்காந்து போட வெச்சாரு. 1969ல இருந்து இருக்கற சொசைட்டி, எழுதறவங்களுக்கும் மெட்டு போடறவங்களுக்கும் வசூல் பண்ணி குடுக்கறது, சினிமாக்காரங்களுக்கு மட்டும்னு நான் நெனச்சிட்டு இருந்தேன். மச்சானும் சேந்துட்டான், பாட்டு எழுதுனதுக்கு தன் பேர்லயே ஒரு ஐடி இருக்குன்னு வீட்ல காட்டிட்டு திரிஞ்சான். அமெரிக்க கம்பெனிங்க கேக்கற டபிள்யூ 8 பென் ஃபார்ம், அது போடலன்னா அங்க இருந்து வர்ற காசுல 30 சதவீதம் வரி புடிப்பாங்க, போட்டா ராயல்டிக்கு 15. எனக்கு அமெரிக்கால கேக்கறது ரெண்டு சித்தப்பா பசங்க தான், இருந்தாலும் போட்டாச்சு.

காசு வருதான்னு கேப்பீங்க. உண்மைய சொல்றேன். என் மொத பாட்டு ஒரு வருஷத்துல 2,340 ப்ளே, வந்தது 140 ரூபா சொச்சம், பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு பேருக்கு தட்டுவடை செட் வாங்கினா காலி. அதையும் எடுக்க முடியாது, குறைஞ்சபட்ச தொகை சேரணும். ரெண்டாவது பாட்டு 700 தாண்டல, 2024ல இருந்து ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டு 12 மாசத்துல 1,000 தடவ ஓடலன்னா கணக்குலயே வராது, அதனால சுத்தமா ஜீரோ. ஒரு ப்ளேக்கு இவ்ளோன்னு ரேட்டும் கிடையாது, மொத்த வசூல பங்கு போடறது தான், நம்ம ஊர்ல பாதிப் பேரு ஃப்ரீயா கேக்கறவங்க. யூடியூப்ல முழு விளம்பரப் பங்குக்கு 1,000 சப்ஸ்கிரைபரும் ஜனங்க பாத்த நேரம் 4,000 மணியும் வேணும், நான் 610 சப்ஸ்கிரைபர்ல நிக்கறேன். ஏற்காட்ல மே மாசம் கோடை விழா சமயத்துல ஒரு ரிசார்ட்ல சனிக்கிழமை சாயங்காலம் கிட்டார் வெச்சுட்டு ரெண்டு மணி நேரம் பாடுனதுக்கு 4,000 குடுத்தாங்க, அது தான் இந்த வருஷம் பாட்டால நான் பாத்த பெரிய காசு. எல்லாம் பழைய சினிமாப் பாட்டு தான் கேட்டாங்க, நடுவுல என்னோடத ஒன்னு நைசா பாடுனேன், ஒரு மேசைல ஒரு அக்கா மட்டும் இது என்ன பாட்டுன்னு கேட்டாங்க. கியூஆர் அட்டை கொண்டு போன்னு அண்ணன் சொன்னத மறந்துட்டு போயிருந்தேன், பேர வாயால ஸ்பெல்லிங் சொன்னேன், இசட், ஹெச்சுன்னு. நைட்டு கிட்டார முதுகுல மாட்டிட்டு 20 கொண்டை ஊசியும் பனில எறங்கி, பழைய சினிமா ஸ்டூடியோ மாடர்ன் தியேட்டர்ஸ் ஆர்ச்சு கிட்ட வண்டிய நிறுத்தி டீ குடிச்சேன். கண்ணதாசன் எல்லாம் வந்து போன எடம், இப்ப ஆர்ச்சு மட்டும் நிக்குது.

குறை சொல்லணும்னா நிறைய இருக்கு. ஃபோன் எடுக்கவே மாட்டாரு, நேர்ல போய் தான் நிக்கணும். படி ஒரு ஆள் அகலம், கீபோர்டு தூக்கிட்டு ஏறினா முட்டி தேயும். பார்க்கிங் கிடையாது, நூல் மூட்டை எறக்கற வண்டி வந்தா உங்க பைக்க அவங்களே தூக்கி வேற எங்கயாச்சும் வெச்சிடுவாங்க. ரிவெர்ப்ல, அதான் எதிரொலி, கை தாராளம், சும்மா விட்டா ராப்பையும் அம்மன் சன்னதில பாடற மாதிரி ஆக்கிடுவாரு, பக்கத்துலயே உக்காந்து கொறைங்கண்ணா கொறைங்கண்ணான்னு சொல்லிட்டே இருக்கணும். மாஸ்டரிங்ல சத்தத்த ஏத்தி அமுக்கறதும் அவரு பழக்கம், எப்டியும் ஸ்பாட்டிஃபை மைனஸ் 14 லஃப்ஸ்க்கு (சத்தத்த அளக்கற கணக்கு) எறக்கிடும், மிச்சமாகறது நசுங்குன சவுண்டு தான். இவர்ட்ட பண்ண என் ரெண்டாவது ரிலீஸ் அப்டி ஆச்சு, சண்ட போட்டேன், காசு வாங்காம திரும்பப் பண்ணி குடுத்தாரு, ஆனா பத்து நாள் இழுத்தாரு. பீட் சார்ந்த ட்ராப், இடிஎம் மாதிரி வேணும்னா இவரு ஆள் இல்ல. குரலும் ஒன்னு ரெண்டு வாத்தியமும் இருக்கற பாட்டுன்னா கண்ண மூடிட்டு போங்க.

போறதுக்கு முன்னாடி எழுதுனவங்க, மெட்டு போட்டவங்க எல்லாரையும் கூட்டிட்டு போங்க, ஒருத்தர் வரலன்னாலும் திருப்பி அனுப்பிடுவாரு, வீடியோ கால்ல கையெழுத்து செல்லாதாம். கதவுல புது பேப்பர் துண்டு ஒட்டியாச்சு, வர்ற செவ்வாய் அம்மாபேட்டைல மின்தடை, காலைல நான் புக் பண்ணிட்டேன், 12 மணிக்கு மேல காலியா இருக்கு. போறவங்க வேர்வை தொடைக்க துண்டு ஒன்னு எடுத்துட்டு போங்க.